கடலுக்கு ஒரு திண்ணை

மழைக்காலம் வந்துவிட்டால் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைப் பார்க்க ஜனங்கள் கூடுவார்கள். வெள்ளாறு இரு கரையும் தொட்டு வரும். மதகுகளில் நுரை பொங்கும். அதைக் கண்டதும் யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார்: "இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே!"

கோடையில் ஒரு குடம் நீருக்கு அலைந்தவர்களின் பெருமூச்சு அது. அதில் நியாயம் உண்டு. ஏரிகளைத் தூர் வார வேண்டும். தேக்க வேண்டியதைத் தேக்கவும் வேண்டும். ஆனால், கடலுக்குப் போகும் நீர் எல்லாம் வீண்தானா? இந்தக் கேள்விக்கு விடை அணைக்கட்டில் இல்லை. ஆற்றோடு கிழக்கே போனால் கிடைக்கும்.

இறாலின் தொட்டில்

வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறு ஆகின்றன. அது சேத்தியாத்தோப்பையும் புவனகிரியையும் கடந்து பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் கலக்கிறது. அங்கே கடல் ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் வருகிறது; இறங்கும்போது திரும்புகிறது. மழைக்காலத்தில் ஆற்று நீர் உப்பைத் தள்ளிக்கொண்டு போகிறது.

இந்தக் கலப்பு நீர்தான் இறாலுக்குத் தொட்டில். கடலில் பொரிக்கும் பல வகை இறால் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. ஆற்று நீர் அடியோடு நின்றால் உப்பு மிகும். முகத்துவாரத்தை மணல் மூடும். மீனவர் வலை வெறுமையாகும். வயலுக்கு வேண்டிய தண்ணீர் கடலுக்கும் வேண்டும்.

பக்கத்தில் பிச்சாவரம். சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள அலையாத்திக் காடு. 1975-ல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தில் அதைப் பார்த்தவர்கள் பலர். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் அங்கே வளர்கிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, அந்தக் காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது.

அந்தக் காடும் ஒரு காலத்தில் நலிந்தது. மரங்களைக் கூட்டமாக வெட்டிய இடங்களில் மண் தாழ்ந்தது, கடல்நீர் தேங்கி உப்பு ஏறியது, கன்றுகள் பிழைக்கவில்லை. பின்னர் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களுடன் சேர்ந்து வாய்க்கால்கள் வெட்டின. நீர் மறுபடி வந்து போகத் தொடங்கியது, காடு துளிர்த்தது.

யார் சொல்வது?

இவ்வளவு செய்தியும் அங்கே போகிறவர்களுக்குத் தெரிகிறதா? படகில் ஏறுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், திரும்புகிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா வளர்த்த நிலையம் அது. அதன் அறிவு பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களையும் எட்ட வேண்டும்.

இதற்குக் கழிமுகத்தில் ஒரு பார்வையாளர் இல்லம் அவசியம். பூம்புகாரில் 1973-ல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் பழைய கதையைக் கல்லில் சொல்கிறது. வெள்ளாற்றுக் கரையில் வேண்டியது, உயிருள்ள கடலைச் சொல்லும் இடம். அமெரிக்காவில் மான்டரே நகரில், மீனை டப்பாவில் அடைத்த பழைய ஆலை இருந்த இடத்தில், 1984-ல் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். எதிரே உள்ள விரிகுடாவின் நீரையே குழாய் வழியாகத் தொட்டிகளுக்குக் கொண்டு வருகிறார்கள். அங்கே கட்டடம் கடலோடு சேர்ந்து வாழ்கிறது.

அவ்வளவு பெரும் செலவு இங்கே தேவையில்லை. குளிர்சாதன மண்டபமும் வேண்டாம். காட்டையும் முகத்துவாரத்தையும் விட்டு விலகி, வெள்ளம் எட்டாத உயரத்தில், நாற்புறமும் காற்று வரும் பெரிய திண்ணை போன்ற கட்டடம் போதும். நீர் ஏறி இறங்குவதைக் காட்டும் ஒரு அளவுக்கம்பம், ஆற்று நீர் ஓடும் ஒரு தொட்டி, இறாலும் நண்டும் கண்ணெதிரே! வழிகாட்ட வெளியூர் ஆட்கள் எதற்கு? காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த மீனவர்களே சம்பளத்துக்கு அமர்ந்து சொல்லட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கூடாது.

வாசலில் முதல் படமாக இருக்க வேண்டியது திமிங்கலம் அல்ல, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு. கடலின் கதை அங்கிருந்தும் தொடங்குகிறது. அங்கே எறியும் பிளாஸ்டிக் பையும் இங்கேதான் வந்து சேர்கிறது.

நெய்வேலிப் பிள்ளைகள் ஒரு துண்டு பழுப்பு நிலக்கரியோடு வரட்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலத்தில் நின்ற காடு புதைந்து கரியானது அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, சேற்றில் வேரூன்றி நிற்கும் பிச்சாவரக் காட்டைப் பார்க்கட்டும். எந்தப் பாடப் புத்தகமும் தராத பாடம் அது.

அப்படிப் பார்த்துத் திரும்பும் பிள்ளை, அடுத்த மழைக்காலத்தில் அணைக்கட்டில் நிற்கும்போது பெருமூச்சு விடாது. "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லும். இல்லம் கட்டிய பயன் அந்த ஒரு வார்த்தையில் கிடைத்துவிடும்.