காந்தம் எத்தனை? எண்ணிப் பார்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். கல்லூரியில் படிக்கும் அவருடைய புதல்வன், நின்றபடி ஓட்டும் தன் மின்சார ஸ்கூட்டருக்குப் புதிய கன்ட்ரோலர் ஒன்றைப் பொருத்தி முடித்திருந்தான். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவன், "மாமா! மீட்டர் 12 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. காற்றோ காதைப் பிய்க்கிறது!" என்றான்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அவன் கற்பித்த பொய்யைத்தான் அது திருப்பிச் சொல்லிற்று.

இவ்வகை வண்டிகளில் மோட்டார் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நடுவில் அசையாத கம்பிச் சுருள்கள். அவற்றைச் சூழ்ந்து சுழலும் வளையத்தில் வடதுருவம், தென்துருவம் என மாறி மாறிப் பதித்த காந்தங்கள். ஒரு வட-தென் ஜோடி கடந்து சென்றால், கன்ட்ரோலரின் கணக்கில் அது ஒரு சுற்று. சக்கரம் முழுதாகச் சுற்ற எத்தனை ஜோடிகள் கடக்க வேண்டும் என்பது அதற்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

சியோமி நிறுவனம் 2016-ல் வெளியிட்ட எம்365 ஸ்கூட்டரை உதாரணமாகக் கொள்வோம். அதன் மோட்டாரில் 30 காந்தங்கள்; அதாவது 15 ஜோடிகள். எட்டரை அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 68 சென்டிமீட்டர் செல்லும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 613 சுற்றுக்கள். கன்ட்ரோலர் எண்ணுவதோ சுமார் 9,200. அதை 15 ஆல் வகுத்தால் உண்மை வேகம் கிடைக்கும். ஜோடிகளின் தொகையைக் கேட்ட இடத்தில் 30 என்று எழுதிவிட்டால் பாதி வேகமே தோன்றும். நம் பையன் செய்ததும் இதுவே. சில கன்ட்ரோலர்கள் துருவங்களின் தொகையைக் கேட்கின்றன. சில ஜோடிகளின் தொகையைக் கேட்கின்றன. குழப்பத்துக்குக் காரணம் அதுதான்.

"மீட்டர்தானே, போகட்டும்" என்று விட்டுவிடலாமா? கூடாது. 25-க்கு மேல் ஓடாதே என்று விதித்த வரம்பும் 50 ஆகத் தளர்ந்துவிடும். மோட்டாரின் சக்தி எட்டுமட்டும் வண்டி பாயும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். சிறு சக்கரத்தின்மேல் நிற்கும் பிள்ளைக்கு இது விளையாட்டல்ல.

ஆகவே, மோட்டாரைத் திறக்காமலே எண்ணும் வழியை அவனுக்குக் காட்டினேன். மோட்டாரிலிருந்து மூன்று தடித்த கம்பிகளும் ஐந்து மெல்லிய கம்பிகளும் வெளிவருகின்றன. மெல்லியவற்றுள் சிவப்பும் கறுப்பும் மின்சாரம் கொடுப்பதற்கு. மற்ற மூன்றும் ஹால் உணர்விகளின் செய்தியைக் கொண்டுவருபவை. 1879-ல் எட்வின் ஹால் என்னும் அமெரிக்கர் கண்டறிந்த விளைவே இவ்வுணர்விகளுக்கு ஆதாரம். சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, விசைப்பிடியைத் தொடாமல், கன்ட்ரோலருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். கறுப்புக் கம்பிக்கும் ஒரு செய்திக் கம்பிக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைத்துச் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினால், முள் ஏறி இறங்கும். டயரில் சுண்ணாம்புக் கோடு இட்டுக்கொண்டு, ஒரு முழுச் சுற்றில் எத்தனை தடவை ஏறி இறங்கிற்று என்று எண்ணினால், அதுவே ஜோடிகளின் தொகை.

உணர்வி இல்லாத மோட்டாரானால், தடித்த கம்பிகளைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, இரண்டின் வழியே சிறிதளவு நேர் மின்சாரம் செலுத்த வேண்டும். ஒரு ஆம்பியருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்திய கருவியே இதற்கு ஏற்றது. வண்டியின் பாட்டரியை நேரே இணைத்தால் கம்பி எரிந்துபோகும். சக்கரம் ஓரிடத்தில் பற்றி நிற்கும். தள்ளினால் நழுவி அடுத்த இடத்தில் நிற்கும். ஒரு சுற்றில் நிற்கும் இடங்களின் தொகையே ஜோடிகளின் தொகை. மோட்டாருக்குள் பற்சக்கரங்கள் இருந்தால் மட்டும், அவற்றின் விகிதமும் இத்தொகையில் கலந்திருக்கும்.

பையன் எண்ணினான்: ஒரு சுற்றில் 15. சந்தேகம் தீர இரு சுற்றுக்கள் திருப்பினான்: 30. எண்ணைத் திருத்தியபின், ஆளரவமற்ற சாலையில் 100 மீட்டர் அளந்து, வேகம் சீரானதும் கடிகாரத்தைப் பார்த்தோம். 18 விநாடிகள்; அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர். மீட்டரும் 20 என்றே காட்டிற்று. பையன் முகத்தில் தோன்றிய களிப்பைச் சொல்லி முடியாது!

பிற நாட்டார் செய்த யந்திரத்தை வாங்குவதில் இழுக்கில்லை. அதன் உள்ளிருப்பதை அறியாமலே அதன்மேல் ஏறி நிற்பதுதான் இழுக்கு. எண்ணிப் பார்த்து அறிந்தவனே யந்திரத்துக்கு எஜமானன். அறியாதவனை யந்திரமே ஓட்டிச் செல்லும்.