தபால் தலையின் மறுபக்கம்

நெய்வேலி நகரியத்தில் பல்லாண்டு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள், நிலக்கரி நிறுவனத்தார் கொடுத்த வீட்டைக் காலி செய்துகொண்டு குறிஞ்சிப்பாடிக்கோ வடலூருக்கோ சொந்த ஊருக்கோ குடிபோகும் சமயத்தில், பரணிலிருந்து இறங்கும் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் பழங்கடிதக் கட்டுகள் இரண்டில் ஒரு கதியையே அடைகின்றன: ஒன்று, பழைய பேப்பர்க் கடைத் தராசில் ஏறுகின்றன, அல்லது, உறையின் மூலையிலுள்ள தபால் தலை மாத்திரம் கத்தரிக்கப்பட்டுப் பேரப்பிள்ளையின் கைக்குப் போகிறது. பிள்ளையும் அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, படம் பார்த்து, ஆல்பத்தில் ஒட்டிவிடுகிறது. பள்ளிகளிலும் வீடுகளிலும் இவ்வளவுதான் தபால் தலைச் சேகரிப்பு என்று கற்பிக்கப்படுவது எனக்குச் சம்மதமில்லை. தலையின் முகத்தைவிட அதன் முதுகும் ஓரமும் அதிகம் பேசுகின்றன. அந்தப் பேச்சைக் கேட்கப் பழக்குவதே இக்கலையின் பிரயோஜனம்.

இந்தப் பிரதேசத்துக்கே உரிய உதாரணம் ஒன்று உண்டு. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி அணா போய் நயா பைசா வந்தபோது, இந்திய தேசப்படம் பொறித்த புதிய தபால் தலை வரிசை வெளியாயிற்று. அடுத்த மாதம் 20-ஆம் தேதி நேரு நெய்வேலிச் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஆகவே நகரியம் உருவான காலத்துக் கடிதங்கள் பலவற்றில் ஒட்டியிருப்பது அந்தத் தேசப்படத் தலையே. இவ்வரிசையில் 5 நயா பைசாப் பச்சைத் தலைகள் இரண்டை அருகருகே வைத்தால், படத்திலோ எழுத்திலோ யாதொரு பேதமும் தெரியாது. ஆனால் முதலில் அச்சான தலையின் காகிதத்துக்குள் நட்சத்திரங்கள் இருக்கும், 1958 முதல் வந்ததில் அசோகச் சிங்கத் தூண் இருக்கும். தேதி முத்திரை அழிந்துபோன உறையொன்றில் சிங்கம் தென்பட்டால், அது 1958-க்கு முந்திய கடிதமன்று என்று திட்டமாகச் சொல்லிவிடலாம். நட்சத்திரம் தென்பட்டாலோ அப்படி ஒன்றும் சொல்வதற்கில்லை, ஏனெனில் பழைய இருப்பைத் தபாலாபீசார் பிற்பாடும் விற்றிருக்கக்கூடும். ஒரு சாட்சியம் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்னும் விவேகத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமாகப் புகட்டும் பாடபுஸ்தகத்தை நான் பார்த்ததில்லை.

காகிதத்துக்குள் தெரியும் இவ்வுருவத்துக்கு நீர்க்குறி என்று பெயர். அது மையினால் அச்சிடப்படுவதன்று. காகிதம் ஈரக் கூழாக இருக்கும்போதே, கம்பியால் செய்த உருவம் பதித்த உருளை அதன்மேல் உருளுகிறது. கம்பி அழுந்திய இடத்தில் காகிதம் மெலிகிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிலவற்றில் தெரியும். தெரியாதவற்றைக் கறுப்புத் தட்டில் முகங்கவிழ வைத்து, அதற்கென விற்கும் திரவத்தில் இரண்டு துளி விட்டால், தலை முழுவதும் சாம்பல் நிறமாக நனைய, மெலிந்த இடம் மட்டும் கருத்து, சிங்கத்தின் பிடரியும் பீடமும் கோடு கோடாக எழும்பிவரும். திரவம் ஆவியாவதற்குள் பார்த்துவிட வேண்டும். கள்ளத் தலையைத் தடுக்கும்பொருட்டு ஏற்பட்ட இந்த ஏற்பாட்டில் நம் நாட்டுக்கென்று ஒரு வேடிக்கையும் உண்டு: 1865 முதல் வெளியான தலைகளில் முன்பக்கம் விக்டோரியா மகாராணியின் சிரம், பின்பக்கம் காகிதத்துக்குள் யானையின் சிரம்! 1880-களில் யானை விலகி நட்சத்திரம் வந்தது. அவற்றுக்கெல்லாம் முந்திய 1854-ஆம் ஆண்டுக் கல்லச்சுத் தலைகளிலோ, கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் தாள் முழுவதற்கும் ஒன்றாகப் பரவிக் கிடந்தபடியால், தனித் தலையொன்றில் அச்சின்னத்தின் சிறு துண்டு அகப்பட்டாலும் அகப்படும், ஒன்றுமே இல்லாமலும் போகும். அந்தத் தலைகளுக்கு ஓரத்தில் துளையும் கிடையாது. கத்தரியால் வெட்டித்தான் ஒட்டினார்கள்.

துளை என்றதும் ஓரத்துப் பற்களின் கணக்கு வருகிறது. இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளைகள் என்பதே அளவு; 1866-இல் பாரிஸ் நகரத்து லெக்ராண் என்னும் வைத்தியர் வகுத்த இந்த முறையே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. நாகர்கோவிலும் பத்மநாபபுரமும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில் அங்கே ஓடிய அஞ்சல் கடிதங்களின் தலைகளை எடுத்துக்கொண்டால், காகிதத்துக்குள் சங்கு நீர்க்குறி. ஓரத்திலோ 11, 12, 12½ என்று பலவித அளவுகள், மேலும் கீழும் ஒன்றாகவும் பக்கங்களில் வேறாகவும் கலந்து வருவனவும் உண்டு. அச்சுக்கூடத்தில் எந்த இயந்திரம் கைக்கு வந்ததோ அதில் துளையிட்டார்கள் போலும்! 1948-இல் வெளியான காந்தி தலைகள் ஸ்விட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் அடிக்கப்பட்டவை: துளை 11½, நீர்க்குறி இல்லை. பத்து ரூபாய்க் காந்தி தலை என்று பெருந்தொகைக்கு ஒன்றை யாரேனும் நீட்டினால், அதனுள் நட்சத்திரம் மின்னினாலும், பல்லின் எண்ணிக்கை 14 ஆனாலும், கொண்டுவந்தவரைக் கும்பிட்டு அனுப்பிவிடலாம்.

குறிஞ்சிப்பாடியில் கைத்தறி தெரிந்த பெரியவரிடம் ஒரு கைலியைக் கொடுத்தால், நிறத்தை மெச்சுவதோடு அவர் நிற்பதில்லை. துணியைப் புரட்டி இழை நெருக்கத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே விலையைப் பற்றி வாய் திறக்கிறார். அந்தக் கண்ணும் விரலும் உள்ள ஊரில் தபால் தலையை மட்டும் முகம் பார்த்து மதிப்பிடுவானேன்?

தபால் இலாகா 2017-இல் தொடங்கிய தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தின்படி, 6 முதல் 9 வரையிலான வகுப்பு மாணாக்கருக்குத் தேர்வும் செயல்திட்டமும் வைத்து ஆண்டுக்கு 6,000 ரூபாய் உபகாரச் சம்பளம் தருகிறார்கள், மெச்சத்தக்க காரியம். ஆயினும் பொது அறிவுக் கேள்வியை மனப்பாடம் பண்ணிவருவது வேறு, கையில் உள்ள தாளைச் சோதிப்பது வேறு. அத்தேர்வில் நாலு தலைகளைக் கொடுத்து, எது எந்தக் காகிதம் என்று கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதி ஒன்று அவசியம் சேர வேண்டும். இக்காலத்துத் தலைகளில் பெரும்பாலும் நீர்க்குறி இல்லாமையால், பழையவை கையில் இருக்கும்போதே இந்தப் பயிற்சி கொடுத்தாக வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் ஒரு மேஜை, ஒரு கறுப்புத் தட்டு, துளையளவு அட்டை ஒன்று, தெரிந்தவர் ஒருவர். வருகிறவர்கள் தங்கள் வீட்டுத் தலைகளைக் கொண்டுவந்து காட்டட்டும். திரவம் தீப்பற்றக்கூடியதாகையால் அது பெரியவர் வசமே இருக்கட்டும். உறையிலிருந்து தலையைக் கத்தரிக்காமல், தேதி முத்திரையோடும் முகவரியோடும் முழு உறையாகவே கொண்டுவரும்படி அறிவிப்பில் முதல் வரியாகப் போட்டுவிடுவது உத்தமம்.