மிச்ச விறகும் காசுதான்



இருபத்தைந்து, முப்பது வருசம் பால் கொடுத்த மரத்தை மறுநடவுக்குச் சாய்க்கிறார்கள். 1980-களிலிருந்து அடிமரம் மேசை, நாற்காலி செய்யப் போகிறது. நமக்கு மிஞ்சுவது கிளைதான். வீட்டில் கேஸ் அடுப்பு வந்தபின் அந்த விறகும் லயத்துப் பின்னால் கிடந்து உளுத்துப் போகிறது. பால்மரத்தை வண்டு சீக்கிரம் துளைத்துவிடும்.

கல்யாணச் சமையலுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் விறகு தேடி வருகிறார்கள். "என்னமோ கொடுத்துட்டுப் போங்க" என்று லோரிக்காரரிடம் சொல்லாதீர்கள். ஒரே அளவாக வெட்டி, கல்மேல் அடுக்கி, மேலே தகரம் போட்டுக் காயவையுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து, கட்டு இத்தனை வெள்ளி என்று ஒரே விலை சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மரம் தோட்டத்துச் சொத்து. என் தகப்பனார் நிர்வாகியின் வாய்ச்சொல்லை நம்பிக் கிளை பொறுக்கினார். நிர்வாகி மாறினார்; திருட்டு என்று விசாரணையில் நிறுத்தினார்கள். அன்று அம்மா அடுப்பே மூட்டவில்லை. ஆகவே, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தயக்கமாக இருந்தால் சங்கத் தலைவரைக் கூட்டிப் போங்கள்.

விறகுக் காசு பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு உதவும். ஆனால் அது சம்பளம் ஆகாது. "இவனுக்குத்தான் விறகு வருமானம் இருக்கே" என்று சொல்லி யாரும் சம்பளப் பேச்சைத் தட்டிக் கழிக்க இடம் கொடுக்காதீர்கள்!