மைசூர்பாகுல ஒரு மூலை காணோம்!

உங்க மொபைல் கேலரியைக் கொஞ்சம் திறந்து பாருங்க. பர்த்டே கேக், ஐஸ்க்ரீம், குலாப் ஜாமூன்னு எத்தனை போட்டோ இருக்கு? அதுல எத்தனையை ஃப்ரேம் போட்டு சுவத்துல மாட்டுவீங்க? ம்ஹூம்... ஒண்ணுகூடத் தேறாதுல்ல? ஏன்னா, நாம எடுக்கறதெல்லாம் ஹோட்டல் மெனு கார்டு. ஸ்வீட் தெரியும், அவ்ளோதான்!

பழம், பாத்திரம், பலகாரம்னு அசையாத பொருட்களை மேஜையில் வைத்துப் படமாக்குவதுதான் ‘ஸ்டில் லைஃப்’. வில்லெம் ஹேடா என்ற டச்சு ஓவியர் 1635-ல் ஒரு விருந்து மேஜையை வரைந்தார். உடைத்துத் தின்ற ‘பை’, பாதி உரித்த எலுமிச்சை, சாய்ந்து கிடக்கும் வெள்ளிக் கிண்ணம்... வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இன்னிக்கும் இருக்கு. படத்துல ஒரு ஆள்கூடக் கிடையாது. ஆனா, யாரோ இப்பத்தான் எழுந்து போயிருக்காங்கன்னு பார்த்ததும் புரியும். அதுதாங்க மேட்டர்!

இன்னொருத்தர் ஷேரன் கோர். அமெரிக்கப் போட்டோகிராபர். வெய்ன் தீபோ என்ற ஓவியரின் கேக் ஓவியங்கள் ரொம்பப் பிரபலம். அந்த ஓவியங்களில் இருப்பது போலவே நிஜ கேக்குகளைத் தானே செய்து, அடுக்கி, 2003-04-ல் போட்டோ எடுத்தார் ஷேரன். ஒரு க்ளிக்குக்காக ஒரு முழு பேக்கரி வேலை! நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு ஜன்னல் போதும்.

முதல்ல ஃப்ளாஷை ஆஃப் பண்ணுங்க. டியூப் லைட்டையும்தான். தட்டை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைங்க. வெயில் சுள்ளுனு அடிச்சா, அப்பாவோட வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்க, வெளிச்சம் பதமாகும். எதிர்ப்பக்கம் நிழல் அதிகமா இருந்தா, ஒரு வெள்ளை சார்ட்டை நிறுத்துங்க. ஆழமான நிழல்தான் வேணும்னா, கறுப்புத் துணி. பக்கத்து வெளிச்சத்தில்தான் மைசூர்பாகோட ஒவ்வொரு ஓட்டையும் தெரியும், ஜாங்கிரியில் பாகு மின்னும். ட்ரைபாட் இல்லையா? செமஸ்டர் புத்தகங்களுக்கு இப்பவாவது வேலை கொடுங்க! செல்லை அதில் சாய்த்து, டைமர் வைத்து எடுத்தால் கை நடுக்கம் வராது. ஐஸ்க்ரீம்னா, கிண்ணத்தில் முதலில் ஒரு உருளைக்கிழங்கை வைத்து எல்லாம் செட் பண்ணிட்டு, கடைசி நிமிஷத்தில் மாத்துங்க. உருகறதுக்குள்ள க்ளிக்!

இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போன தீபாவளிக்கு மைசூர்பாகை வெச்சு அறுபது போட்டோ எடுத்தேன். எல்லாமே மெனு கார்டு! வெறுத்துப்போய் தண்ணி குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா, ஒரு துண்டுல மூலை காணோம். தட்டைச் சுத்தி தூள். ஹால்ல எங்கப்பா பேப்பரை முகத்துக்கு நேரா பிடிச்சிருக்கார்... தலைகீழா!

அப்பாவுக்கு சுகர். ஸ்வீட்டைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆச்சு. தீபாவளிக்குத் தீபாவளி எங்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிட்டு வர்றவர் அவர்தான். அம்மாகிட்ட நான் போட்டுக்கொடுக்கலை. தூளைத் துடைக்கவும் இல்லை. அப்படியே அறுபத்தோராவது க்ளிக்.

அந்தப் படம் இப்போ என் ரூம் சுவத்துல இருக்கு. பார்க்கறவங்களுக்கு அது மைசூர்பாகு. எனக்கு அது அப்பா.

அதனால மக்கா, அடுத்த தடவை ஸ்வீட்டைப் படம் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கங்க: ‘இது யாரோட ஸ்வீட்?’ பதில் கிடைச்சதும் க்ளிக் பண்ணுங்க. அப்புறம்... ஆறிப்போறதுக்குள்ள சாப்பிட்டுடுங்க, ப்ளீஸ்!