ஆளைக் கூப்பிடு

குடியிருப்பு பசுமலை. பிழைப்பு வங்கியில். நான் வேலை பார்க்கும் கிளையின் பழைய லெட்ஜர் அறையில் போன மாசம் எலி செத்து நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு மேனேஜர் சொன்னார்: “ஆளைக் கூப்பிடுங்க.”

எந்த ஆள் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஒப்பந்தக் கூலிக்குக் கூட்டிப் பெருக்கும் அம்மா வந்தார். கையுறை கிடையாது. பழைய பேப்பரில் சுருட்டி எடுத்தார். “நீங்க ஏம்மா எடுக்கணும்?” என்றேன். “நாங்க எடுக்காம பெறகு யாரு தம்பி எடுப்பா?” அந்த ‘நாங்க’வுக்குள் நானும் இருக்கிறேன்.

அறையைப் பார்த்தேன். கதவுக்கடியில் ரெண்டு விரற்கடை சந்து. தண்ணிக் குழாய் போகும் ஓட்டை பூசாமலே கிடக்கிறது. சுண்டெலிக்குப் பென்சில் பருமன் ஓட்டை போதும். பெரிய எலிக்குக் கட்டைவிரல் பருமன். கதவடியில் தகரம் அடித்து, ஓட்டையில் கம்பி வலை திணித்து சிமெண்ட் பூசினால் தீர்ந்தது. சொன்னேன். “அதுக்கெல்லாம் மேல சாங்ஷன் வாங்கணும் சார்.”

ஓட்டையை அடைக்க சாங்ஷன் வேணும். ஆளைக் கூப்பிட வேணாம். அந்த சாங்ஷனை மனு எப்பவோ கொடுத்துவிட்டான்.

தெரியாமலா செய்கிறார்கள்? பண்ணையார் வீட்டுப் பத்தாயத்துக்குக் கால் வைத்துத் தரையிலிருந்து தூக்கத் தெரிந்த சமூகம்தானே இது? நெல்லைக் காக்கத் தச்சு வேலை. மற்றதைக் காக்கச் சாதி.

2012 ஆகஸ்டில் சென்னை கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் இறந்த பச்சிளம் குழந்தையின் முகத்தில் எலி கடித்திருந்தது. கூச்சல் கிளம்பியது. அரசு மருத்துவமனைகளில் எலி பிடிக்க இருளர்களைக் கூப்பிட்டார்கள். 2025இல் இந்தூர் அரசு மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே, இரண்டு சிசுக்களை எலி கடித்தது. இரண்டும் இறந்தன. செவிலியர் மேல் நடவடிக்கை பாய்ந்தது. ஏழைகள் பிள்ளை பெறும் இடத்தில் சுவர் ஓட்டையாகவே இருக்கலாம் போலும்.

“இருளர்னா எலி பிடிக்கிறதுல கெட்டிக்காரங்க” என்பார்கள். ஆமாம், அது அறிவுதான். வளையின் வாயை வைத்தே உள்ளே எலி உண்டா என்று சொல்லும் அறிவு. அந்த அறிவுக்கு நீங்கள் கொடுத்த மரியாதை என்ன? மண்பானையில் புகைபோட்டு வாயால் ஊதி, உதடு வெந்து, நெஞ்சு புகைந்தவர்கள் அவர்கள். கையால் சுற்றி ஊதும் இரும்புக் கருவி வந்து, 2003இல் அதற்கு உலக வங்கிப் போட்டியில் பரிசு கிடைத்தது. அதுவரை ஊதியது மனித நுரையீரல். அறிவென்றால் அதற்குரிய சம்பளமும் நிரந்தர வேலையும் கொடு. நாற்றமடித்தால் மட்டும் கூப்பிடுவதற்குப் பெயர் தொழிலல்ல, தீண்டாமை.

மாணவத் தோழர்களே, உங்கள் ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியில் கதவடியைக் குனிந்து பாருங்கள். சந்தையும் ஓட்டையையும் அளந்து தாட்கோவுக்கு மனு எழுதுங்கள். அடைக்கும்வரை விடாதீர்கள். இனி எவனாவது “ஆளைக் கூப்பிடு” என்றால் திருப்பிக் கேளுங்கள்: “எந்த ஆளை? கொத்தனாரையா?”

அன்றைக்கு நான் அதைக் கேட்காமல் நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.