மதிப்பெண் மட்டும் போதுமா?

புதிய மின்விளையாட்டு ஒன்று வெளிவந்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது அதன் மதிப்பெண்ணைத்தான். “பத்துக்கு எத்தனை?” என்று பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என முடிவு செய்துவிடுகிறோம். அந்த எண்ணை மட்டும் நம்புவது சரியன்று என்பது என் கருத்து.

2008ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மிரர்ஸ் எட்ஜ்’ இதற்கு நல்ல சான்று. இதனைச் சுவீடனின் டைஸ் நிறுவனம் உருவாக்கியது. ஃபெய்த் என்னும் இளம்பெண், உயர்ந்த கட்டடங்களின் கூரைகள்மேல் ஓடியும் தாவியும் இரகசியச் செய்திகளைக் கொண்டுசேர்க்கிறாள். தடைகளைத் தாண்டி ஓடும் பார்க்கூர் பயிற்சியே இவ்விளையாட்டின் உயிர்நாடி. விளையாடுபவர் அனைத்தையும் ஃபெய்த்தின் கண்வழியே காண்கிறார். வெண்ணிற நகரத்தில், செல்ல வேண்டிய வழியைச் சிவப்பு நிறம் காட்டுகிறது.

விமர்சகர்கள் இவ்விளையாட்டை ஒரே மாதிரி வரவேற்கவில்லை. ஒரு சாரார் அதன் வேகத்தையும் வண்ணங்களையும் புதுமையையும் பாராட்டினர். மற்றொரு சாராரோ, அடிக்கடி தவறி விழுந்து மீண்டும் தொடங்க வேண்டியிருப்பதையும் கதை வலுவற்றிருப்பதையும் குறை கூறினர். சண்டைகள் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்றும் பலர் எழுதினர். பல விமர்சனங்களின் சராசரி மதிப்பெண் 100க்கு 80ஐ ஒட்டி அமைந்தது.

இந்த எண் நமக்கு என்ன சொல்கிறது? பலமுறை முயன்று ஒரு தாவலைக் கற்றுக்கொள்வதில் மகிழ்பவருக்கு இது மிகச் சிறந்த விளையாட்டாக இருக்கலாம். நல்ல கதையை எதிர்பார்ப்பவருக்கோ ஏமாற்றமே மிஞ்சலாம். இருவருக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்?

மதிப்பெண்ணால் பயனே இல்லை என்று கூற முடியாது. நேரமும் பணமும் குறைவாக உள்ளவர்கள் தரமற்றவற்றை ஒதுக்க அது உதவும். எனினும், தெளிவைத் தருபவை காரணங்களே. முதல் விளையாட்டில் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட முடிந்தது. 2016இல் வந்த ‘மிரர்ஸ் எட்ஜ் கேட்டலிஸ்ட்’ விளையாட்டிலோ ஃபெய்த் துப்பாக்கியைப் பயன்படுத்தவே முடியாது. 80 என்ற எண்ணை மட்டும் பார்த்து, எதை மாற்ற வேண்டும் என்று எவராலும் அறிய இயலாது.

ஆகவே, அடுத்த முறை ஒரு விமர்சனத்தைக் காணும்போது மதிப்பெண்ணோடு நின்றுவிடாதீர்கள். காரணங்களையும் படியுங்கள். “இவர் கூறும் குறை எனக்கும் குறைதானா?” என்று கேட்டுப் பாருங்கள். நண்பரிடம் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசும்போதும், “நன்றாக இருக்கிறது” என்பதோடு முடிக்காமல், ஏன் என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவரால் தமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க முடியும்.