ஆம்பியருக்கு முன்பே ஒரு பெயர்
1996இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ 64’ விளையாட்டில் மின்பொறி தெறிக்க வட்டமிடும் கரிய உருண்டையொன்று உண்டு. தொட்டால் மாரியோ துடித்துப்போவான். பின்வந்த மாரியோ விளையாட்டுகள் பலவற்றிலும் அது தலைகாட்டுகிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஆம்ப்’. உடனே பிரெஞ்சு இயற்பியலாளர் ஆம்பியரைச் சுட்டி, பெயரின் வேரைக் கண்டுவிட்டதாக எழுதுகின்றனர். அது மொழிபெயர்ப்பின் வேர், பெயரின் வேரன்று.

மூலமான ஜப்பானிய மொழியில் அது ‘பிரிக்யூ’. மின்சாரம் தாக்குகையில் உடலில் பாயும் உணர்வை ஜப்பானியர் ‘பிரிபிரி’ என்பர்; ‘க்யூ’ என்பது உருண்டை. ஆங்கிலப் பெயர் மின்னோட்டத்தை அளக்கிறது. ஜப்பானியப் பெயரோ அதைத் தோலால் அறிகிறது.

இத்தகைய குறிப்புச் சொற்களைக் குழந்தைப் பேச்சென்று ஒதுக்குவோர் உளர். ஆனால் அவற்றுக்கும் விதிகள் உண்டு. தமிழில் ‘சலசல’ போன்ற இரட்டைக்கிளவி பிரிந்து வராது என்கிறது தொல்காப்பியம். ஜப்பானியமோ ‘பிரிபிரி’யில் பாதியைப் பிரித்தெடுத்துப் புதுச்சொல் ஆக்குகிறது. இரு மொழிகளின் இலக்கணம் வேறுபடும் இடம் இது. விளையாட்டுப் பெயர்தானே என்று கடந்துபோகிறவர் இழப்பது இதைத்தான்.

ஜப்பானியப் படைப்புக்கு ஆங்கிலத்தின் வழியே சொற்பிறப்புக் காண்பது ஆய்வன்று, சோம்பல்.